சோதனைப் பெட்டி

காலை எட்டரைக்குப் பெல்ட்டை ஓடவிடுவேன்.
பத்து நிமிடம்.
ரப்பர் இறுகிவிடக் கூடாது என்பது விதி.
விமானம் வருகிறதா என்று விதி கேட்பதில்லை.

சிலேத்தாருக்குப் புதுக் கட்டடம் வந்து
இரண்டு வாரம் ஆவதற்குள்
சுபாங்கிலிருந்து வரும் விசிறி விமானம் நின்றுபோனது.
தலைக்கு மேலிருக்கும் காற்றைப் பற்றி
இரண்டு நாடுகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.
கீழே நாங்கள்
நாற்காலி துடைத்தோம்.

பணக்காரர்களின் சின்ன ஜெட்டுகள் வராமல் இல்லை.
அவர்களுக்கு வேறு வாசல்.
அவர்கள் பெட்டி
பெல்ட்டைத் தொடுவதே இல்லை.

எனவே எங்களுக்கென்று ஒரு பெட்டி.
அரக்கு நிறம், ஒரு சக்கரம் நொண்டி.
பழைய கட்டடத்தைக் காலி செய்த இரவில்
யாருக்கும் வேண்டாத பதிவேடுகளை
சுல்கர்னைன் அதில் திணித்து முழங்காலால் அமுக்கினான்:
எடைச் சீட்டுகள்,
மழையால் தாமதம், மழையால் தாமதம், பறவையால் தாமதம்,
‘ஒருவர் வரவில்லை’ என்று பென்சிலில் குறித்த பட்டியல்,
தொலைந்த குடைகளின் கணக்கு.
தராசில் தூக்கி வைத்தோம்.
இந்த இடத்தின் வரலாறு இருபது கிலோ.
அனுமதித்த எடைக்குள்தான்.

அதற்கு முந்தியது பெட்டியில் அடங்கவில்லை.
இருபதுகளின் கடைசியில்
பறக்கும் படகுகள் நீரிணையில் வயிறு நனைய இறங்கினவாம்.
வெள்ளைக்காரர் ஊர் நினைப்பில்
பிக்காடிலி என்றும் பார்க் லேன் என்றும்
சேற்றுக்குப் பெயர் சூட்டினார்கள்.
ஜப்பானியர் வந்தார்கள்.
போனவர்களே திரும்பி வந்து
எழுபத்தொன்றில் மறுபடி போனார்கள்.
ஓடுபாதை யாரிடமும் கடவுச்சீட்டு கேட்டதில்லை.
என்னிடம் மட்டும் தினமும் கேட்கிறார்கள்,
கழுத்தில் தொங்கும் அட்டையை.

வசதிகளைச் சொல்ல அதிக நேரம் ஆகாது.
தொழுகை அறை. தண்ணீர்க் குழாய்.
காசு வாங்காத காப்பி இயந்திரம்; அட்டையை நீட்டினால்தான் முனகும்.
எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம்.
கண்ணாடிக்கு அப்பால் காற்றுப் பை
தெற்கே பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும்,
சம்பளம் வராத ஆளைப் போல.

பொங்கலன்று ஒரு முழக் கரும்பை பெல்ட்டில் ஏற்றினேன்.
சுங்க அதிகாரி சியோக் ஹூன்
முகம் மாறாமல் கேட்டாள்:
“அறிவிக்க ஏதும் உண்டா?”
“இனிப்பு.”
“எவ்வளவு?”
கடித்துப் பார்த்துத்தான் விடுவித்தாள்.
பிப்ரவரியில் அவளுடைய ஆரஞ்சுகள் இரண்டு
ஒன்றையொன்று துரத்திக்கொண்டு
மூன்று சுற்று வந்தன.

ஏப்ரலில் கடிதங்கள் முடிந்தன போலும்.
விசிறிச் சத்தம் முதலில் கேட்டது சுல்கர்னைனுக்கு;
எனக்கு அது காப்பி இயந்திரம்.
பெட்டிகள் வந்தன. உண்மைப் பெட்டிகள்,
டேப் சுற்றியவை, ரிப்பன் கட்டியவை,
ஓரத்தில் சம்பல் வாசம் கசிபவை.
அந்தப் பரபரப்பில்
எங்கள் பெட்டியை இறக்க மறந்தேன்.

எல்லோரும் போனபின்
பெல்ட்டில் ஓர் அரக்குப் பெட்டி சுற்றியது.
நான்கு சக்கரமும் சரியாக.

மாலை ஈசூனிலிருந்து தொலைபேசி.
ஃபிலோமினா என்றொரு பெண், சிரிப்பை அடக்கிய குரல்.
“திறந்ததும் தெரிந்துவிட்டது.
ஆனால் இரண்டு மணி நேரம் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன்.
அந்தக் குடைகள் கிடைத்தனவா?”
எத்தனையோ கேள்விக்குப் பயிற்சி தந்தார்கள்.
இதற்குத் தரவில்லை.

மறுநாள் தராசில் வைத்தேன்.
பத்தொன்பதரை.
எந்தத் தாள்களை வைத்துக்கொண்டாள் என்று தேடவில்லை.
விமானம் வருகிறதே, இனிச் சோதனை ஓட்டம் எதற்கு
என்றார் மேலாளர்.
தலையாட்டினேன்.
எட்டரை ஆனது.
விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.